உப்பும் சுண்ணாம்பும்

விராலிமலை என்றவுடன் தமிழ்நாட்டார் நினைவுக்கு வருவன மயிலும், மயிலேறிய ஆறுமுகனும், அந்த முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் செய்கிற விநோதமான வழக்கமும், சதிர் நாட்டியத்தின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததனால் மறுபடியும் பேசப்பட்ட அவ்வூர் ஆடல் மரபுமே தவிர, சமுத்திரம் ஒருபோதும் அன்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், கருங்கற்பாறைகளும் வானம் பார்த்த கண்மாய்களும் சூழ நிற்கும் இந்த ஊரில், ஒரு கிருகஸ்தர் தம் வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல்நீர் நிரப்பி, பவளத்தையும் கோமாளி மீனையும் வளர்க்கப் போவதாகச் சொன்னால், அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணிக்கு எங்க போவீங்க?" என்பதாகத்தான் இருக்கும். அது நியாயமான கேள்வி. வீட்டில் கடல் வளர்க்கும் கலையின் சரித்திரம் முழுவதுமே அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய சரித்திரம்தான். அந்த விடை, நம் அடுப்பங்கரையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் அன்றாடம் புழங்குகிற உப்பு, சுண்ணாம்பு என்னும் இரண்டு சரக்குகளைச் சுற்றியே வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

விராலிமலை அடங்கியிருந்த குளத்தூர்த் தாலுகா புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. தொண்டைமான்கள் ஆண்ட அந்தச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை என்பதே கிடையாது. 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து, சில காலம் திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாக இருந்து, 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான், தஞ்சை ஜில்லாவிலிருந்து பிரித்துச் சேர்த்த பகுதியோடு கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மணமேல்குடியும் வந்தன. அவற்றோடு பாக் நீரிணையின் ஒரு துண்டும் வந்தது. அந்தத் துண்டும் பவளத்துக்குப் பேர் போனதன்று. ஆழங்குறைந்து, சேறு கலங்கி, கடற்புல் மண்டிக் கிடக்கும் அந்த நீரில் மேய்கிற கடற்பசுவுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது.

கடலில்லாத சீமைக்குக் கடலிலிருந்து வர வேண்டிய முக்கியமான பண்டம் உப்பு. உப்பு வணிகரான பழந்தமிழ் உமணரின் வண்டிகள் மேட்டு நிலங்களுக்கு ஏற்றிச் சென்றது இதைத்தான். ஆனால் உள்நாட்டு ஜனங்கள் உமணரை மட்டுமே நம்பிக் கிடக்கவில்லை. உவர் பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி, மட்டமானதாயினும் செலவில்லாத ஓர் உப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்திலும் இந்தத் தொழில் நடந்தது. உப்பு வரியில் கண்ணாயிருந்த ஆங்கில அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. 1887-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி சமஸ்தானம் மண்ணுப்புத் தொழிலை அடியோடு நிறுத்தியது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 38,000 ரூபாய் பெற்றுக்கொண்டது. தொழிலை இழந்தவன் ஒருவன், ஈடு பெற்றவர் மற்றொருவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பிறகு விராலிமலையின் ஏழைக்கும் கடலுப்பே கதியாயிற்று.

அந்தக் கடலுப்பையே நீரில் கரைத்தால் கடல்நீர் ஆகாதா என்று எவருக்கும் தோன்றும். ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் சுமார் 35 கிராம் பொருளில் முக்காற்பங்குக்குச் சற்று அதிகமே நாம் உண்ணும் உப்பு; மிகுதி மெக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் சல்பேட்டும் வேறு பலவும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வற்றி வரும்போது நடப்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்து பிரிகிறது. பின்னர் உப்பு விளைகிறது. உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் கசந்த நீரோடு மெக்னீசியம் போய்விடுகிறது. சமையலுப்பின் சிறப்பே இந்த இரண்டையும் கழித்து வந்ததில்தான் இருக்கிறது. பவளப் பிராணிக்கு இன்றியமையாதவையோ கழிந்துபோன அந்த இரண்டுமே.

இந்த உண்மையை ஐரோப்பியர் மெதுவாகத்தான் கற்றார்கள். 1846-இல் அன்னா தைன் என்ற சீமாட்டி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊரில் கண்ட சிறு பவளங்களை ஒரு கல் ஜாடியிலே போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடற்கரையிலிருந்து வருவித்த நீரைத் தினந்தோறும் மாற்றக் கட்டாமற்போகவே, அவர் கண்டுபிடித்த உபாயம் வெகு எளிமையானது: வீட்டு வேலைக்காரி திறந்த ஜன்னலருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றி ஆற்றி ஊற்ற வேண்டும். நம் ஊர் டீக்கடைக்காரர் செய்கிற அதே காரியந்தான். டீயில் சூடு தணிய, அங்கே நீரில் காற்று கலந்தது. பிறகு அவர் கடற்பாசியையும் கூடவே வளர்த்து, அதனால் நீர் கெடாதிருப்பதைக் கண்டார். சரித்திரத்தில் சீமாட்டியின் பெயர் நின்றது. கை வலிக்க ஊற்றியவளின் பெயர் நிற்கவில்லை.

1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்குப் பெரிதும் துணைநின்ற பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், கடலிலிருந்து தொலைவில் வசிப்போரும் இன்பம் துய்க்க வேண்டுமென்று எண்ணி, 1854-இல் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு முறை எழுதினார்: சமையலுப்பு, பேதியுப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்னும் நான்கு சரக்குகளைக் குறித்த அளவில் நன்னீரில் கரைக்க வேண்டும். உப்பளத்துக் கசந்த நீரில் போனதை அவர் திரும்பச் சேர்த்துவிட்டார். அது பெரிய காரியம். ஆனால் சுண்ணாம்புச் சத்தை மட்டும், சொற்பமாயிற்றே என்றும் கரைப்பது கடினமென்றும் விட்டுவிட்டார். கடற்சாமந்தியும் இறாலும் அந்த நீரில் பிழைத்தன. கல்லெலும்பு கட்டி வளரும் பவளத்துக்கு அது போதாது. அப்பிழை முழுதாகத் திருந்த ஒரு நூற்றாண்டுக்குமேல் பிடித்தது. தொட்டிகளின் நிலையும் அப்போது பரிதாபந்தான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து மக்கு பூசிய தொட்டியை உப்புநீர் அரித்துவிடும். 1960-களில் சிலிகான் பசை வந்து, சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டத் தொடங்கிய பிறகே சாமானியர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி நிலைத்தது.

சென்னையில் இக்கலை அரசாங்கத்தின் கைவழியே வந்தது. 1885-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக வந்த எட்கர் தர்ஸ்டன், ஜாதிகளைப் பற்றி எழுதிய ஏழு பெருந்தொகுதிகளாலேயே இன்று அறியப்படுகிறார். மனிதர்களின் மூக்கை அளந்த அவர் பணியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அதற்கு முன்பு அவர் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் தங்கி, முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் மன்னார் வளைகுடாவின் ஜீவராசிகளையும் பற்றி ஆராய்ந்து 1890-இல் வெளியிட்ட நூல், நம் பவளங்களைச் சாஸ்திர உலகுக்குக் காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று. அவர் எண்ணத்தில் உதித்த கடல்மீன் காட்சிசாலை மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தியாவில் அத்தகைய ஸ்தாபனம் அதுவே முதல். 1919-இல் அது மீன்துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வருவார்கள் என்ற பீதியில் மூடப்பட்டது. கடலே வாசலில் இருந்தபடியால் அந்தக் காட்சிசாலைக்கு விராலிமலைக்காரரின் கஷ்டம் தெரிய நியாயமில்லை.

தெற்கே வேலை வேறு விதமாக நடந்தது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடித் தீவின் கரையோர ஜீவராசிகளைப் பற்றி கிரேவ்லி முதலானோர் எழுதிய பெரிய ஏடு 1927-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. 1947 பிப்ரவரி 3-ஆம் தேதி தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பின்னர் மண்டபம் முகாமுக்கு வந்து அங்கேயே நெடுங்காலம் தலைமை கொண்டிருந்தது. பவளங்களையும் பவளப்பாறைகளையும் பற்றி 1969 ஜனவரியில் மண்டபத்தில் கூடிய மாநாடும், அந்நிலையத்தைச் சேர்ந்த கோபிநாத பிள்ளை இந்தியப் பவள இனங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு வகைப்படுத்திய உழைப்பும், இன்று மன்னார் வளைகுடாவைப் பற்றி எவர் எழுதினாலும் அடித்தளமாக நிற்பவை.

அந்த ஆராய்ச்சிச் சாலையின் ஜன்னலுக்கு எதிரேயே, சொல்லப்போனால், பவளத்தைச் சூளையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முருகைக்கல் என்று கரையோரத்தார் சொல்லும் பவளக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி வந்து, சுண்ணாம்பு நீற்றவும், வீட்டுக்கும் ரஸ்தாவுக்கும் போடவும், தூத்துக்குடிப் பக்கத்துக் கால்சியம் கார்பைடு ஆலைக்கு அனுப்பவும் செய்தார்கள். அது பசித்தவன் பிழைப்பு. அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாங்கியவர்கள் பசித்தவர்கள் அல்லர். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவுகள் கரைந்தன. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் அமிழ்ந்துபோயின. 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த பின்னரும் கல் எடுப்பது ஓயவில்லை. 2001 ஜூலையில், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில், பாறை கட்டும் பவளங்களும் சேர்க்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டுச் சுனாமியில் பாறைகளின் அருமை கண்ணுக்குத் தெரிந்த பிறகே அத்தொழில் ஏறக்குறைய நின்றது.

பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது கடற்கரையோடு போகவில்லை. விராலிமலையிலிருந்து திருச்சியைக் கடந்து அரியலூர்த் திக்கில் சென்றால் வருகிற கல்லக்குடி, ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்த நிலம். 1862-இல் பிளான்போர்டு என்ற நிலவியலாளர் அப்பகுதியின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து எழுதினார். அவரைத் தொடர்ந்து ஸ்டோலிச்கா அங்கே கிடைத்த சிப்பிகளையும் பவளங்களையும் வருணித்தார். கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி அக்காலத்துப் பவளமும் பாசியும் கட்டிய பாறையே. 1939-இல் அங்கே தோன்றிய டால்மியா சிமெண்ட் ஆலை அந்தச் சுண்ணாம்புக்கல்லைத்தான் அரைத்துச் சுட்டது. 1953-இல் அவ்வூர் ரயில் நிலையத்தின் பெயரைப் பற்றி நடந்த கிளர்ச்சி எல்லோருக்கும் தெரியும், காலடியில் கிடந்த பவளத்தைப் பற்றித் தெரிந்தவர் குறைவு. இப்போது கடலிலிருந்து பாறை எடுக்கக் கூடாதென்று ஆனபின், தொட்டிக்கான பாறையைச் சிலர் சிமெண்டாலேயே வார்த்துக்கொள்கிறார்கள். வார்த்ததை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றிக் காரம் போக்கிய பிறகே தொட்டியில் வைக்க வேண்டும்.

வீட்டுக் கலை தேர்ந்தது எப்படி என்பதற்கு வருவோம். ஜகார்த்தாவில் வாழ்ந்த சீன வமிசத்தவரான லீ சின் எங் என்பவர், கடலடியிலிருந்து உயிரோடு எடுத்த பாறையையும், சூரிய வெளிச்சத்தையும், மெல்லிய காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளம் வளர்த்த விதத்தை 1961-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். பெரிய வடிகட்டிகளும் ஓசோன் இயந்திரங்களும் வைத்துக்கொண்டு பவளத்தைச் சாகடித்துக்கொண்டிருந்த மேனாட்டு நிபுணர்களுக்கு இது நம்பத்தகாததாக இருந்தது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா என்ற விஷத்தை நைட்ரைட்டாகவும் பின்னர் அவ்வளவு கெடுதியில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் பாறையின் துளைகளில் குடியிருக்கின்றன என்பதும், அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும், அதுவரை மீனை விடக் கூடாது என்பதும் பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்ட பாடங்கள். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் இன்ஸ்டன்ட் ஓஷன் என்ற பெயரில் செயற்கைக் கடலுப்பு விற்பனைக்கு வந்தது; காஸ் விட்ட சுண்ணாம்புச் சத்தும் அதில் சேர்ந்திருந்தது.

ஆனால் பவளம் அதைத் தின்றுகொண்டே இருக்கும். இயற்கையான கடலில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேலாகக் கால்சியம் உண்டு. கடலுக்குக் குறைவில்லை, தொட்டிக்கு உண்டு. இதற்கு 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய மருந்து, நம் பாட்டிமார் அறிந்த சுண்ணாம்புத் தெளிவேதான். ஒரு லிட்டர் சுத்த நீரில் ஒன்றரைக் கிராம் அளவே கரையும். மிகுதி அடியில் வெள்ளையாகப் படியும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே மெல்லிய ஆடை கட்டும். ஆடை கட்டியதில் சத்துப் போயிற்றென்று அர்த்தம். அடியையும் ஆடையையும் கலக்காமல், நடுவிலுள்ள தெளிவை மட்டும் இறக்கி, தொட்டியில் அன்றன்று ஆவியான நீருக்கு ஈடாக இராக்காலத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் காரம் ஏறி மீன் மாளும். கடையில் விற்கும் வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு உதவாது. சுத்தி செய்த கால்சியம் ஹைட்ராக்சைடுதான் வேண்டும். செட்டிநாட்டுச் சுவர்களில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இழைத்த கொத்தனார்களுக்கு இந்தத் தெளிவும் ஆடையும் படிவும் புதிய செய்தியாக இருந்திருக்காது.

இனி விராலிமலை வீட்டுக்கே போகலாம். அங்கே ஆழ்குழாய்க் கிணற்று நீரை அப்படியே உபயோகிக்க முடியாது. அதிலுள்ள உப்புக்களை ஆர்.ஓ. இயந்திரத்தில் நீக்கி, வெறும் நீராக்கி, அதன்பின் கடலுப்பைக் கரைக்க வேண்டும். 200 லிட்டர்த் தொட்டிக்கு ஏழு கிலோவுக்குச் சற்று மேலாக உப்பு பிடிக்கும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் முக்கால் கிலோ செலவு. ஆவியாவது நன்னீர் மட்டுமே என்பதால் ஈடு செய்வதும் நன்னீராலேயே. உப்புநீரை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டி சில மாதத்தில் உப்பளமாகிவிடும். மேனாட்டார் நீரைச் சூடாக்கப் பணம் செலவிடுகிறார்கள். நமக்கு எதிரி சித்திரை வெயில். பவளம் 25 முதல் 28 டிகிரிக்குள் சுகப்படும். 30-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் தன்னுள் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசியை உமிழ்ந்துவிட்டு வெளுக்கும். 1998-லும் 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே இது நேர்ந்தது. ஆகவே குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். நீரைச் சுழற்றும் மோட்டாரும் நுரையோடு அழுக்கைத் தள்ளும் ஸ்கிம்மரும் மின்சாரம் நின்றால் நிற்கும் என்பதால் இன்வெர்ட்டரும் வேண்டும். இத்தனையும் வாங்கிய பிறகு மீன் வாங்கக் கையில் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டந்தான்.

மீன் விஷயத்தில் நம் நாட்டு விஞ்ஞானிகள் செய்த உபகாரம் பெரிது. 2003-இல் வந்த ஒரு சினிமாவால் கோமாளி மீனுக்கு உலகமெங்கும் கிராக்கி ஏறியபோது, கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபத்திலும் பறங்கிப்பேட்டையிலும் கைவரச் செய்தார்கள். ஆணும் பெண்ணும் பாறையையோ ஓட்டையோ சுத்தமாக்கி முட்டையிடும். தகப்பன்தான் செட்டையால் விசிறிக் காக்கும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் முட்டைகளில் நாளடைவில் வெள்ளிக் கண்கள் தெரியும். ஏழாம் எட்டாம் நாள் விளக்கணைத்த சற்று நேரத்தில் பொரியும். பெண் செத்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பது அந்த ஜாதியின் விசேஷம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பறங்கிப்பேட்டை நிலையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் இருக்கிறது (புதுக்கோட்டைச் சீமையில் ஓடும் வெள்ளாறு வேறு). அங்கே உப்பு குறைந்த கழிமுக நீரிலேயே இம்மீனை வளர்த்துக் காட்டினார்கள். கடலில் பிடித்துச் சாகக் கிடப்பதை வாங்குவதைவிடப் பண்ணைக் குஞ்சை வாங்குவதே விவேகம், தர்மமுங்கூட.

பவளத்தைப் பொறுத்தவரை சட்டம் குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். கடையில் யாராவது கல்பவளத்தை நீட்டினால், அது எங்கிருந்து வந்தது, எந்தப் பத்திரத்தின் பேரில் வந்தது என்று கேளாமல் வாங்கலாகாது; பத்திரம் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுவதே நல்லது. ஆசை தாங்கவில்லை என்பவர்கள், விராலிமலையில் காலையில் புறப்பட்டுப் புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, இராமநாதபுரம் வழியாகப் போனால் மத்தியானத்துக்குள் மண்டபம் சேரலாம். அங்கே ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சிசாலையில் ஒரு மணி நேரம் செலவிட்டு, எந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும், எதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நேரில் பார்த்த பிறகு கண்ணாடித் தொட்டிக்கு அளவு கொடுக்கலாம்.